கண்ணாடிக்கு விழுந்த மாலை

திருவிடந்தைப் பெருமாள் கோயிலில், கல்யாண வேண்டுதல் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றினேன். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. இரண்டும் எனக்கு உயிர். கிராப் வெட்டி, சட்டை போட்டிருந்த ஒருத்தியைக் காட்டி அம்மா கிசுகிசுத்தாள்:

"இதுங்கதான் பொண்ணுங்க பின்னாடி சுத்துங்களாம். எம் பொண்ணு பாரு, மகாலச்சுமி மாரி கீறா."

நான் காதலிப்பதும் ஒரு பெண்ணைத்தான். அம்மாவுக்குத் தெரியாது. சிரித்து வைத்தேன்.

கல்யாணம் ஆகும்வரை அந்த மாலை வீட்டில் இருக்க வேண்டும். செங்கல்பட்டு வந்ததும் அம்மா அதைக் கண்ணாடிக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினாள். அந்தி நேரம், இன்னும் விளக்குப் போடவில்லை. தலைப் பூவை எடுக்கக் கண்ணாடி முன் போனவள் விக்கித்து நின்றேன். சட்டத்தின் இருபுறமும் மாலை தொங்க, நடுவில் பட்டும் பொட்டுமாக ஒருத்தி, செத்தவர்கள் படத்தில் சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கவில்லை.

விளக்குப் போட வந்த அம்மாவிடம், திரும்பாமலே சொன்னேன்:

"அந்த சட்ட போட்ட பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. பூ வச்சிகினு நிக்கிற நான் ஒரு பொண்ணத்தான் லவ் பண்றேன்."

அம்மா மாலையை மட்டும் கழற்றிக்கொண்டு போனாள்.

இன்றும் பூ வைக்கும்போது கண்ணாடியில் இருப்பவள் சிரித்தால், நானும் சிரிக்கிறேனா என்று உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.