சுத்தமான முதுகு

செப்பிக் ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தோலில் படை உண்டு. வட்டத்துக்குள் வட்டமாக முதுகெல்லாம் பரவி, மீன் செதில் மாதிரி உரியும். யாரும் வெட்கப்படுவதில்லை, சொறிந்துகொண்டே ஊர்க்கதை பேசுவோம். இங்கே சந்தேகத்துக்கு ஆளாவது சுத்தமான தோல்தான்.

லுட்வினாவுக்கு அந்தத் தோல் இருந்தது. மேலாற்று ஊரிலிருந்து கோஸ்மாஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவனுக்கோ கழுத்திலிருந்து கணுக்கால் வரை படை. ஒரே பாயில், ஒரே கொசுவலைக்குள் வருஷக்கணக்காகப் படுத்தும் அவளுக்கு ஒரு வட்டம்கூட வரவில்லை. நான் பக்கத்து வீட்டுக்காரி. அவள் எங்கே படுத்தாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவள் நாத்தனார் யம்பூனுக்குத்தான் தெரியவில்லை. எங்கள் சோறான சாகோ மரத்து மாவை அலசும் இடத்தில் எல்லார் முன்னாலும் கேட்பாள்.

"ஏண்டி, என் தம்பி கண்ண மூடினதும் எந்திரிச்சு எங்க போற? ஒட்ட வேண்டியது ஒட்டலையே!"

"உங்க தம்பி குறட்டையில எனக்குத் தூக்கமே வர்றதில்லக்கா. இதுல எங்க போறது?"

சிரிப்போம். மகள் மெல்சி பிறந்து, நடந்து, ஓட ஆரம்பித்தும் அந்தப் பிள்ளை முதுகும் சுத்தமாகவே இருந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தகப்பன் "என் பிள்ளை" என்று சொல்லாத பிள்ளைக்கு எங்கள் ஊரில் சாகோ தோப்பில் பங்கில்லை, இருக்க இடமும் இல்லை. லுட்வினா பயந்துபோனாள். கோஸ்மாஸின் முதுகில் உரிந்த செதிலை எண்ணெயில் குழைத்து மகள் முதுகில் தேய்த்தாள். நோய் வரட்டும் என்று பெற்ற பிள்ளைக்கு வேண்டிக்கொண்டாள். அப்படியும் வரவில்லை. இந்த ஊர் நாசமாய்ப் போகட்டும் என்று அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் மோட்டார் படகில் நர்ஸ் வந்தாள். லுட்வினா பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வேடிக்கை பார்க்க ஊரே கூடியது.

"பக்கத்துல படுத்தா மட்டும் இது வராதும்மா," என்றாள் நர்ஸ். "ரத்தத்துல இடம் குடுத்தாத்தான் பிடிக்கும். அந்த ரத்தம் அப்பா வழியா, அம்மா வழியா, ரெண்டு பக்கமும் வரணும். உன் பக்கம் இல்ல போலருக்கு, பொண்ணு தப்பிச்சிட்டா. சந்தோஷப்படு."

லுட்வினாவின் முகம் மலர்ந்தது. யம்பூன் அதற்குள் தம்பியின் தோளை உலுக்கினாள்.

"கேட்டியாடா? ரத்தத்துல வரணுமாம். இந்தப் பொண்ணுகிட்ட உன் ரத்தம் இல்லன்னு சிஸ்டரே சொல்லிட்டாங்க!"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலையே," என்று நர்ஸ் கத்தினாள். யார் கேட்டார்கள்? மறுநாள் காலையில் கோஸ்மாஸ் தாயையும் மகளையும் சட்டி பானையோடு படகில் ஏற்றி அனுப்பினான்.

பிறகு எங்கள் வழக்கப்படி தகப்பனைப் பெற்றவளின் உறவிலேயே அப்பொலோனியாவைக் கட்டினான். அவளுக்குப் பிறந்த சேனோவுக்கு நடக்கும் முன்பே முதுகெல்லாம் வட்டம். "பாருங்க, என் முத்திரை!" என்று கோஸ்மாஸ் பிள்ளையைத் தோளில் வைத்துத் தெருத் தெருவாகக் காட்டினான். அந்தப் பிள்ளை உண்டான வெள்ளக் காலம் முழுக்க அவன் தொலைவில் கடற்கரைத் தோட்டத்தில் கூலிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். அது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஒருத்தரும் மாதக் கணக்குப் பார்க்கவில்லை. தோல்தான் சாட்சி சொல்லிவிட்டதே!

கோஸ்மாஸ் செத்தபோது மெல்சி வந்தாள். நல்ல வளர்த்தி. அதே பிளந்த முகவாய், அதே மாறுகண், பாக்கு எச்சிலைத் துப்பும்போது அதே தலைச்சாய்ப்பு. கோஸ்மாஸே எழுந்து நின்றது போலிருந்தது எனக்கு. பிணத்தருகே போகவிடாமல் யம்பூன் கையை நீட்டி மறித்தாள்.

"தோப்பெல்லாம் தம்பி சேனோவே வச்சிக்கட்டும் அத்தை. அப்பாவத் தொட்டு அழுதுட்டுப் போயிடுறேன். என் முகத்தப் பாருங்க, நான் யாருன்னு தெரியல?"

யம்பூன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"திரும்பு," என்றாள். "முதுகக் காட்டு."