மேற்கே ஓடுகிற ஆறு

ஆறு பெருகி, வாகா வாகா நகரத்தையே எழும்பிப் போகச் சொன்ன வருடம். படகில் வந்த எங்களை முகாமிலிருந்து வெளியே விட்டதும் அதே வருடம்தான்.

அந்த வருடம் என்னோடு ஒரே வீட்டில் குடிவந்த தவராசா போன கிழமை செத்துப்போனான். மெல்பேர்னில், மல்கிரேவில், மகன் வீட்டில்.

நேற்று முகநூலில்தான் கண்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது, இதுவும் நான் சொல்ல ஃபோன் எழுதுகிறது. ஆனால் படம் தெரியும்... படகு, கடல், மகன் கையில் சாம்பல் குடம்.

வாகா வாகாவை இங்கே சிட்னியில் யாருக்குத் தெரியும்? ஹைவேயில் போகிறவர்கள் உள்ளே திரும்புவதில்லை. சிட்னிக்கும் ஐந்து மணித்தியாலம், மெல்பேர்னுக்கும் ஐந்து.

ஒரு பெரிய தெரு, ஒரு ஸ்டேஷன், ஆறு உள்ளே வராமல் கட்டிய மண் அணை. அதற்கு அப்பால் கண் எட்டும் வரை கோதுமை... ஆடு... வானம்.

தவராசா, குணம், செல்வம், சின்னராசா என்கிற நான். நாலு பேருக்கும் ஒரே வீடு, இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. மச்ச மாமிசம் வாயில் வைக்காத தவராசா நாள் முழுக்க ஆடு உரித்தான்.

ஆடி அமாவாசைக்குத் தகப்பன்மாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆற்றில் இறங்கினோம். ஆடி அங்கே கடுங்குளிர், புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஈர வேட்டியோடு நாலு பேரைக் கண்டு யாரோ போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எங்களில் இங்கிலீஷ் தெரிந்தவன் தவராசா. "ஃபாதர் டெட். ரிவர்" என்றான். போலீஸ்காரர்கள் ஆற்றில் பிணம் தேடத் தொடங்கினார்கள்.

விஷயம் விளங்கியதும் ஒருவர் சிரித்தார். கடல் கிழக்கே இருக்கிறதாம், இந்த ஆறு மேற்கே ஓடுகிறதாம். சுற்றிக் கடலுக்குப் போய்ச் சேர மாதக்கணக்காகுமாம்.

எனக்கு முகம் செத்துவிட்டது. தவராசா தலையைத் துவட்டிக்கொண்டு சொன்னான்: "எங்களுக்கென்ன அவசரம் மச்சான்? விசாவுக்கே எவ்வளவு காலமாப் பாத்துக்கொண்டு இருக்கிறம்."

அன்று கரையில் வைத்து ஒரு பேச்சு வந்தது. யார் போனாலும் மற்றவர்கள் அவன் சாம்பலை இந்த ஆற்றில்தான் கரைப்பது.

"அப்ப கடைசியா நிக்கிறவனுக்கு?" என்று செல்வம் கேட்டான்.

"அவன் நீந்திப் போகட்டும்" என்றான் தவராசா.

குணத்தைக் கரைத்தோம். பிறகு செல்வத்தை. அதற்குள் ஊர் மாறியிருந்தோம்; நான் சிட்னி ரயிலில் வந்தேன், தவராசா மெல்பேர்ன் ரயிலில் வந்தான். திரும்பும்போது பிளாட்ஃபாமில் என் கையை விடவில்லை. "என்னை வேற இடத்தில விட்டிடாத" என்றான்.

நேற்று மகனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அங்கிள், ஃபைவ் அவர்ஸ் டிரைவ். கடல்ல கரைக்கிறதுதானே எங்கட முறை?"

முறைதான்.

"அப்பா ஒண்டும் சொல்லேல்லையோ?"

"மருந்து மயக்கத்தில ஏதோ ஆறு, ஆறு எண்டவர். நாங்கள் கணக்கில எடுக்கேல்ல."

அந்தப் படத்துக்குக் கீழே எத்தனை கைகூப்பல். கூப்பியவர்களில் ஒருவரும் வாகா வாகாப் பக்கம் வந்ததில்லை.

போயிட்டு வா, தவராசா. மாதக்கணக்காகச் சுற்றாமல், கெதியாகவே கடலுக்குப் போய்விட்டாய்.

குணம் இல்லை. செல்வம் இல்லை. இனி நீயும் இல்லை. அந்த வீட்டில் மிச்சம் சின்னராசா. நான்.