மூடி அக்கா

நாள் முழுக்க லேப்டாப்பின் மூடியைச் சாத்துவதும் திறப்பதுமாக இருந்ததால் அலுவலகத்தில் அவளுக்கு ‘மூடி அக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்த புண்ணியவான் பக்கத்து மேசைக்காரன். போகட்டும், அவனாவது பெயர் வைத்தானே. மற்றவர்கள் அவள் ஒருத்தி திரும்பி வந்திருப்பதையே கண்டுகொண்ட மாதிரித் தெரியவில்லை.

பிரசவத்துக்குப் போனவள், பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வந்ததும் யாரும் தொட விரும்பாத ஒரு வேலையை அவள் தலையில் கட்டினார்கள். அவர்கள் கம்பெனி செய்கிற, திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பை மூடினால் ஒழுங்காகத் தூங்கும். திறந்தால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கும்மிருட்டு.

சிப்புக்குள் ரிஜிஸ்டர்கள் என்று குட்டிக் குட்டி அறைகள் உண்டு. திரையின் அகலம், வெளிச்சம், நிறம் எல்லாம் அங்கே எண்களாக உட்கார்ந்திருக்கும். தூக்கத்தில் மின்சாரம் நின்றதும் சிப்புக்கு அத்தனையும் மறந்துபோகும். தூங்குமுன் அந்த எண்களைப் பத்திரமாக எடுத்து வைத்து, விழித்ததும் அதே அறைகளில் திரும்பப் போடுவது டிரைவர் என்கிற மென்பொருளின் பொறுப்பு. ஒன்று விடாமல் போட்டுவிட்டேன் என்றுதான் அதுவும் சொன்னது. அவளும் தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

அதைவிட அவளை அரித்தது வேறொன்று. புதன்கிழமைதோறும் கண்ணாடி அறையில் குழு முழுதும் கூடிப் பேசும். முன்பெல்லாம் அங்கே அவள் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். இப்போது கூப்பிடக்கூட ஆளில்லை. வலியப் போய் உட்கார ரோஷம் விடவில்லை. இந்த வாரத்தோடு வேலையை விட்டுவிடப் போவதாக வீட்டில் சொல்லியும்விட்டாள். பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்த கணவன், அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா என்றான். கேட்கிற ஆளாக இருந்தால் அவள் ஏன் இப்படிப் பொருமப் போகிறாள்?

வியாழக்கிழமை காலை, காபி இயந்திரத்தருகே குழுத் தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளை மறித்தார்.

“ஏம்மா, புதன்கிழமை மீட்டிங்குக்கு நீங்க ஏன் வர்றதே இல்ல? எங்க மேல எதாவது கோபமா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழைப்பே வரவில்லையே என்றாள். அவர் போனை எடுத்துக் காட்டினார். எல்லாப் புதனுக்கும் சேர்த்து ஒரே அழைப்பாக அனுப்பியிருந்தார்தான், அவள் திரும்பி வருவதற்கு முந்தைய வாரமே, ஆசை ஆசையாக. விடுப்பில் மூடிவைத்திருந்த அவளுடைய மின்னஞ்சல் கணக்கை மறுபடி திறந்ததோ அவள் வந்த அன்றைக்குத்தான். அதற்கு முன் அனுப்பியவை எங்கே போயினவோ. போய்ச் சேரவில்லை என்று அவருக்கும் ஒரு தகவலும் வரவில்லை. அனுப்பியாயிற்று என்று அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

போட்டுவிட்டேன் என்று டிரைவரும் இப்படித்தானே நிம்மதியாகச் சொன்னது! அவள் காபியையும் தலைவரையும் அங்கேயே விட்டுவிட்டு இருக்கைக்கு ஓடினாள்.

அறைகளின் வரிசைப்படியே டிரைவர் எண்களைப் போட்டுக்கொண்டு போனது. சிப்பின் திரைப் பகுதிக்கு இதயத்துடிப்பு மாதிரித் தாளம் தந்து இயக்கும் கடிகாரத்துக்கான ரிஜிஸ்டர் வரிசையின் கடைசியில் இருந்தது. அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குமுன் போட்ட எதையும் சிப் வாங்கிக்கொள்ளவே இல்லை. வாங்கவில்லை என்று சொல்லவும் இல்லை.

கடிகாரத்தை வரிசையின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தாள். போட்ட எண் போய் உட்கார்ந்ததா என்று திரும்பப் படித்துப் பார்க்கவும் டிரைவருக்குச் சொல்லிவைத்தாள். மூடினாள். திறந்தாள். திரை பளிச்சென்று வந்தது. நம்பாமல் மறுபடி மூடித் திறந்தாள். பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்து விசிலடித்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை சந்தோஷம்.

மாலையில் தலைவர் அடுத்த புதனுக்கான அழைப்பை அவளுக்கு அனுப்பினார். அனுப்பியதோடு நிற்கவில்லை. எழுந்து, மேசைகளைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்து, அவள் பக்கத்தில் நின்றார்.

“வந்துச்சா?”

“வந்துடுச்சு,” என்றாள் மூடி அக்கா.