பாரத்தில் என் நம்பர்

மலேசியாவில், கேமரன் மலையின் ரிங்லெட் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஒருவன் போன் செய்தான். "செல்வி மோட்டார் சைக்கிள் கடன் கட்டலை. விண்ணப்பப் பாரத்துல ஒங்க நம்பர்தான் இருக்கு. நீங்கதான் கட்டணும்" என்றான். செல்வி என் பக்கத்து வீட்டுக்காரி. பயத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆபீசில் முன்பணம் கேட்டபோது கணக்கு எழுதும் கிராணி காரணம் விசாரித்தார். "நீங்க கையெழுத்து போட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அது ஒங்க கடன் இல்லலா" என்றார்.

நேரே செல்வியிடம் சண்டைக்குப் போனேன். "என்னைக் கேக்காம ஏன் நம்பர் குடுத்த?" என்றேன்.

"போன வருசம் ஒங்க டிவி தவணைக்கு எனக்குத்தான்க்கா போன் வந்துச்சு. நான் ஒங்ககிட்ட சொல்லலை" என்றாள்.

இப்போது அப்படி யார் கூப்பிட்டாலும், "நான் கையெழுத்து போடலை" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். பாரத்தில் செல்வியின் நம்பரை எழுதுமுன் அவளைக் கேட்கிறேன்.