அறிக்கைக்குப் போன நல்ல தண்ணீர்

என் பணிக்காலத்தில் நான் சோதித்ததிலேயே மிகச் சுத்தமான குடிநீர், மணமேல்குடிப் பக்கம் ஒரு சின்னக் கடலோரக் கிராமத்திலிருந்துதான் வந்தது. உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் வெறும் நாற்பது. எங்கே போர் போட்டாலும் உப்புக் கரிக்கும் பகுதியில் நாற்பது! மேகத்திலிருந்தே நேரடியாகக் குழாய் இழுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆய்வகத்தில் இருந்த நான் என்ன செய்தேன்? சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். முடிவை அரசு இணையதளப் போர்ட்டலில் ஏற்றியதும் அந்த ஊருக்கு நேரே இருந்த கட்டம் பச்சையானது. சிவப்பு வந்தால் மறு சாம்பிள், ரிமார்க்ஸ், மீட்டிங் என்று உயிரை எடுப்பார்கள். பச்சை வந்தால் ஒரு போன்கூட வராது. எங்கள் பொறியாளர் அந்த அறிக்கையைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டி, "இந்த ஊரப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். எதைக் கற்றுக்கொள்வது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இப்படியே மூன்று முறை பச்சை.

நான்காம் முறை சாம்பிளுக்குப் பதில் ஸ்டெல்லா வந்தார். அந்த ஊரில் மீன் விற்பவர். வாயைத் துணியால் கட்டிய பிளாஸ்டிக் குடத்தோடு பஸ் ஏறி வந்து, குடத்தை என் மேஜை மேலேயே வைத்தார்.

"இந்தத் தாள்ல கையெழுத்து நீங்க போட்டதுங்களா?"

"ஆமா. என்னம்மா வேணும்?"

"தண்ணி நாறுதுன்னு மூணு மாசமாச் சொல்றேன். பஞ்சாயத்துல இந்தத் தாளைக் காட்டியே வெரட்டி விடுறாங்க. எம்புள்ளைக்கு மூணு வயசுங்க. வயித்தால போயி ஆஸ்பத்திரியில குளுகோஸ் ஏறுது. இது எங்க தெருக்கொழாத் தண்ணி. ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க, நான் பேசாமப் போயிர்றேன்."

நான் குடிக்கவில்லை. பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

அந்தக் குடத்துத் தண்ணீரைச் சோதித்தேன். மீட்டர் இரண்டாயிரத்தைத் தாண்டியது. கிருமி பார்க்கும் குப்பி மறுநாள் காலையில் கறுத்துக் கிடந்தது. சாக்கடை கலந்தால்தான் அப்படிக் கறுக்கும்.

உடனே ஊருக்குப் போனேன். டேங்க் ஆபரேட்டர் முருகையா, ஒருநாள்கூட மோட்டார் போடத் தவறாத மனிதர். சாம்பிளை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"கேன் தண்ணிதாங்க மேடம்" என்றார், ஒளிவுமறைவே இல்லாமல். "ஆபீசுக்குப் போற தண்ணி. டேங்க் தண்ணியவா குடுத்து விடுறது? நம்ம ஊருக்குத்தானே கேவலம்? பாட்டிலக்கூட சோப்புப் போட்டு மூணு தடவ கழுவித்தாங்க குடுத்தேன்."

விருந்தாளிக்குச் சோடா வாங்கி வைக்கிற மரியாதை! யாரோ ஒரு கேன் கம்பெனிக்காரனுக்கு நான் மூன்று முறை அரசுச் சான்றிதழ் கொடுத்திருந்தேன். தெரிந்திருந்தால் கம்பெனி வாசலில் என் படத்தை மாட்டியிருப்பான்.

வால்வுக் குழியில் சாக்கடை தேங்கி நின்றது. அதற்குள்தான் குழாய் ஜாயின்ட் உடைந்திருந்தது. அன்றே சப்ளையை நிறுத்தி, லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்து, ஜாயின்டை மாற்றினோம். உப்பு அப்படியேதான் இருக்கிறது, அதற்கான ஃபைல் ஆமை வேகத்தில் நகர்கிறது. ஸ்டெல்லாவின் பிள்ளை ஒரு வாரத்தில் வீடு திரும்பினான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

பொறியாளருக்கு மட்டும் வேறு கவலை. "பழைய ரிப்போர்ட்டத் தொடாதீங்கம்மா, அது பாட்டுக்குப் பச்சையா இருக்கட்டும்" என்றார். மூன்றையும் ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிட்டேன். அதன்பின் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அது ஒரு பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களே, பாட்டிலை நீங்களே கொண்டுபோய், கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் நீங்களே பிடியுங்கள். எண் அழகாக இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

இந்த விவகாரத்தில் முருகையாவுக்கு மெமோ வந்தது. எனக்கு வரவில்லை. அவர் பத்தாவது வரை படித்தவர், தெரியாமல் செய்தார். நான் வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டுச் செய்தேன்.