சிவப்புக் கல்லில் வைத்த காயம்

ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் கல்லில் படம் எழுதும் வேலையில் இருந்தேன். படத்தில் எத்தனை நிறமோ அத்தனை கல். ஒவ்வொரு கல்லிலும் அந்த நிறம் விழ வேண்டிய இடத்தில் கறுப்பு மையால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். விருதுநகரில் பருப்புக்கடை வைத்திருந்த என் தகப்பனாருக்கு, எங்கள் வழக்கில் அத்தாவுக்கு, இந்த வேலை அறவே பிடிக்கவில்லை.

"உசிருள்ளதை வரையுறது ஹராம்லே. பூவை வரை, கப்பலை வரை. ஆளை வரைஞ்சேன்னு காதுல விழுந்துச்சு, என் வாசப்படி மிதிக்காத" என்றார். சத்தியம் செய்து கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

முதலாளி இந்து. என் சத்தியத்தை என்னைவிட அவர்தான் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார். தீப்பெட்டி லேபிளில் ரோஜா, சாவி, கடிகாரம் எல்லாம் எனக்கு. லட்சுமி, முருகன், கொழுகொழு குழந்தைகள் எல்லாம் இன்னொரு ஆர்ட்டிஸ்டுக்கு. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போக அவரே நேரமாச்சு என்று கிளப்பி விடுவார். இப்படி நல்லவராக இருப்பவர்களிடம்தான் மனிதன் வசமாக மாட்டிக்கொள்கிறான்.

ஒரு வருஷம் காலண்டர் சீசனில் அந்த ஆர்ட்டிஸ்டுக்கு மஞ்சள்காமாலை வந்து ஊருக்குப் போய்விட்டார். மாதா கோயில் ஆர்டர் ஒன்று நின்றுவிட்டது. முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "ஒரே ஒரு படம் தம்பி. வாக்குக் கொடுத்துட்டேன். என் மானத்தைக் காப்பாத்து" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். வேலையை விட்டால் போக அத்தாவின் கடை ஒன்றுதான் உண்டு. அங்கே போனால் அத்தா சொன்னதுதான் சரி என்று ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டு மூட்டை தைக்க வேண்டும்.

படம், சிலுவையில் தொங்கும் ஈஸா நபி. ஆர்டர் கொடுத்தவர்களுக்கு அவர் ஆண்டவரின் மகன். எங்களுக்கு அவர் மரியம் அம்மாவின் மகன், இறைவனின் தூதர், பேரைச் சொன்னாலே ஸலாம் சொல்ல வேண்டியவர். தகப்பன் இல்லாமல் பிறந்தார் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டையில்லை. திரும்பி வருவார் என்பதிலும் இல்லை. நடுவில்தான் வழக்கு. சிலுவையில் அறையப்பட்டு இறந்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. அவரைக் கொல்லவுமில்லை, அறையவுமில்லை, பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியது, அல்லாஹ் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்று ஓதி வளர்ந்தவன் நான். ஆக, ஒரு நபியின் முகத்தை வரைய வேண்டும், அதுவும் அவருக்கு நடக்காத ஒன்றில் மாட்டி வைத்து வரைய வேண்டும். வேறு படம் என்றால் ஒரு பாவத்தோடு போயிருக்கும்.

முகம் வந்தபோது கல்லைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். தலைகீழாகப் பார்த்தால் முகம் தெரியாது, புள்ளிகள்தான் தெரியும். அப்படி மஞ்சள் கல், நீலக் கல் இரண்டையும் முடித்தேன். கடைசியில் சிவப்புக் கல். உதட்டுக்கு வைத்தேன், துணியின் நிழலுக்கு வைத்தேன். உள்ளங்கைக்கு வந்ததும் பேனா நகரவில்லை. இரண்டு கையையும், காலையும், விலாவையும் வெறுமையாக விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

புரூஃப் பார்க்க வந்த மாதா கோயில் சாமியார் வெறுமையாக இருந்த உள்ளங்கையில் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இது விட்டுப்போச்சா, விட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

முதலாளி முந்திக்கொண்டு "விட்டுப்போச்சு சாமி" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"விட்டுட்டேன் சாமி. ஆண்டவன் தன்னோட நபியை அப்பிடிக் கைவிட மாட்டான். அவரையே கைவிட்டான்னா நாமெல்லாம் எம்மாத்திரம்?"

அவர் கோபப்படவில்லை. "எங்க கோயிலுக்கு யாரு வாராங்க தெரியுமா? தாயில்பட்டில, விஸ்வநத்தத்துல பட்டாசு மருந்து வெடிச்சுக் கை வெந்த பொம்பளைங்க. அவங்க இந்தக் கையைத்தான் பாப்பாங்க. இதுல காயம் இல்லைன்னா அவங்களுக்கு இவரு யாரோ ஒருத்தரு" என்றார். அப்புறம், "உங்களுக்கு மனசு இல்லைன்னா வேண்டாம். படம் இல்லாமலே அடிக்கட்டும்" என்றார்.

முதலாளியின் முகம் செத்துப்போய்விட்டது. சாமியார் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். சிவப்புக் கல்லை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் காயங்களை நான்தான் வைத்தேன்.

மனைவிக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. சேதி கேட்டு அத்தா விருதுநகரிலிருந்து சிரித்த முகமாக வந்தார். குழந்தையை என் இரண்டு கைகளிலும் ஏந்தச் சொல்லி, அதன் காதில் தொழுகை அழைப்பான பாங்கு சொல்வதற்காக, மக்கா இருக்கும் மேற்கே திரும்பினார். மேற்குச் சுவரில் அந்தக் காலண்டர் தொங்கியது.

அத்தா பார்வையைத் தாழ்த்திக்கொண்டு குழந்தையின் காதில் பாங்கு சொன்னார். முடித்ததும் மெதுவாக என்னிடம், "எந்தப் பாவி வரைஞ்சானோ! நபிமாருக்கு இப்பிடி ஒரு கொடுமையா? அவன் கை வெளங்குமாலே?" என்றார்.

பெண்களுக்கென்று இருந்த அந்த ஒரே வார்டில், பக்கத்துக் கட்டிலில் இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருந்த ஒரு பெண் என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வெந்த கை. "அந்தக் கையைப் பாத்துக்கிட்டே படுத்தாத்தான் எனக்கு எரிச்சல் அடங்குது தாயி. எழுதுன மகராசன் கை நல்லாருக்கணும்."

குழந்தை கைகளில் கனத்தது. அத்தா அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். கொடுத்துவிட்டால் என் கைகள் வெளியே தெரியும் என்று, கொடுக்காமல் நின்றேன்.