அக்காவின் பேரில் ஓர் அடையாள அட்டை

லுணுகலை பஸ் நிலையத்துக்கு எதிரே போட்டோ கொப்பி கடை வைத்திருக்கிறேன். பேர் ஜெயகுமார். வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் நான்தான். சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டங்களில் யார் எப்போது பிறந்தார், யார் யாரைக் கட்டினார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த வகையில் நானே ஒரு சின்ன அரசாங்கம்.

அதனால்தான் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் கலாராணி தன் பயத்தை என்னிடம் கொண்டுவந்தார்.

"தம்பி, புது ஐடிக்கு ரேகை, கண்ணு எல்லாம் புடிக்கிறாங்களாமே? போன்ல காட்டுனாங்க. ஒரு ஆளோட மொத்த சாதகமும் ஒரு பெட்டிக்குள்ள போயிருமாம். அந்தப் பெட்டி என்னையக் காட்டிக் குடுத்துருமா?"

ஐம்பத்து மூன்று வயது மனுஷி சும்மா பயப்படவில்லை. அவருடைய அட்டையில் இருக்கும் பேர் விஜயலெட்சுமி. அது அவருக்கு மூத்தவள், இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்ட குழந்தை. கலாராணியின் பிறப்பை யாரும் பதியவில்லை. ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது சான்றிதழ் கேட்டார்கள். அப்பா தம்பையா, புதிதாய்ப் பதியப் பதுளைக்கு நடையாய் நடக்கச் சோம்பல்பட்டு, பெட்டியில் கிடந்த மூத்தவளின் சான்றிதழை நீட்டிவிட்டார். பெரிய பிள்ளையின் கவுனை அடுத்ததற்குப் போட்டுவிடுகிற மாதிரிதான். தோட்டத்தில் இதை யாரும் குற்றமாக நினைத்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பேரிலேயே தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் பதிந்தார்கள், அந்தப் பேரிலேயே ஐடியும் வந்தது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, விஜயலெட்சுமி என்று யாரும் அவரை வாய்விட்டு அழைத்ததே இல்லை.

"ஆள்மாறாட்டம்னு உள்ள போட்டுருவாங்க தம்பி. முப்பத்தஞ்சு வருச சர்வீசும் போச்சு" என்று மூக்கைச் சிந்தினார்.

எனக்கும் இந்த ரேகை சமாசாரம் பிடிக்கவில்லை. நான் எங்கே போகிறேன் வருகிறேன் என்று கொழும்பில் எவனோ பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன கிரிக்கெட் மேட்சா? ஆனாலும் லயத்தில் பிறந்தவனுக்கு இதில் பாதிப் பயம்தான் வரும். ஒரே சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் கருவாடு வறுத்தால் எங்கள் வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். ரகசியம் என்பதை நாங்கள் எங்கே கண்டோம்?

"பேசாம அந்தப் பேருக்குப் பழகிக்கங்க" என்றேன். அன்றைக்கே லயம் முழுக்கக் கூடிப் பேசி, இனிமேல் அவரை எல்லாரும் விஜயலெட்சுமி என்றே கூப்பிடுவது என்று முடிவானது. முடிவெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவருடைய வீட்டுக்காரர் தயாபரன், "விஜயலெட்சுமி, தேத்தண்ணி கொண்டா" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துப் புரையேறிப் போனார். கொழுந்து மலையில் கூப்பிட்டால் கலாராணி திரும்பவே இல்லை. ஒரே வாரத்தில் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள்.

புது ஐடி எடுக்கிற நடமாடும் சேவை தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. படிவம் நிரப்ப நானும் மூலையில் ஒரு மேசை போட்டிருந்தேன். ரேகைக் கருவிக்கு முன்னால் இருந்தவர் சுலோஜனா என்கிற யாழ்ப்பாணத்து அதிகாரி, கண்டிப்பான முகம்.

"விஜயலெட்சுமி!" என்று கூப்பிட்டார்.

கலாராணி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பையா விஜயலெட்சுமி!"

அசையவில்லை. அவ்வளவுதான், எங்கள் சனத்துக்குப் பொறுக்கவில்லை. வரிசையில் நின்ற ஐம்பது பேரும் ஒரே குரலில், "ஏய் கலாராணி, ஒன்னையத்தான் கூப்பிடுறாங்க!" என்று கத்தினார்கள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆர் கலாராணி?" என்றார் சுலோஜனா.

கலாராணி அழுதுகொண்டே முழுக் கதையையும் கொட்டிவிட்டார். "என்னைய உள்ள போட்ருங்கம்மா. எங்க அப்பாவ ஒன்னும் சொல்லிராதீங்க" என்று கும்பிட்டார்.

சுலோஜனா கண்ணாடியைக் கழற்றினார். "ஏழு வயசுப் பிள்ளை செய்த குற்றத்துக்கு ஆரம்மா மறியல்சாலைக்குப் போறது? இஞ்ச காலமையிலயிருந்து இப்பிடி வந்ததில நீங்கள் நாலாவது ஆள். அழாதேங்கோ. சத்தியக்கடதாசி முடிச்சு, திருத்தம் கேட்டு எழுதுவம். நீங்கள்தான் கலாராணி எண்டு சொல்ல ரெண்டு சாட்சி வேணும்."

ரெண்டு பேர்தானா? வரிசையே உடைந்து மேசைமேல் வந்து விழுந்தது.

"பழைய பேரை எடுத்துப்போட்டு உங்கட பேரைப் போடச் சொல்லிக் கேட்கலாம். சரியோ?" என்று கேட்டார் சுலோஜனா.

கலாராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எம் பேரப் போடுங்கம்மா. அக்கா பேரையும் எடுத்துராதீங்க. பாவம், ரெண்டு வயசுல போயிருச்சு. பள்ளிக்கூடம் வந்துச்சு, கொழுந்து எடுத்துச்சு, ஓட்டுப் போட்டுச்சு, எல்லாம் எங்கூடத்தான். இப்ப எடுத்தா மறுபடி செத்துப் போயிருமே."

சுலோஜனா கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "விஜயலெட்சுமி எனும் கலாராணி எண்டு எழுதுங்கோ" என்றார்.

எழுதினேன். இருபது வருடத்தில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினேன். என் தோளுக்குப் பின்னால் ஐம்பது பேர், யார் முதலில் சாட்சிக் கையெழுத்துப் போடுவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.